பழைய ஜான்சனில் ஆயில் ஒழுகுகிறதா? காற்றடிப்பதா, வேக்குவம் போடுவதா?

பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டார்) வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் "கீழே ஆயில் ஒழுகுது" என்று சொல்லிப் பாருங்கள். கியர் பாக்ஸுக்குள் காற்றடித்துச் சோதிக்கச் சொல்வார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், வேக்குவம் போடு, அதாவது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடு, என்பார் அடுத்தவர். சோதனையாவது ஒன்றாவது, எல்லா சீலையும் (ஷாஃப்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையங்கள்) மாற்றிவிடு என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களை வைத்து இந்த மூன்றையும் அலசலாம். இரண்டும் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்ற ஒரே அமெரிக்க கம்பெனியின் தயாரிப்புதான். மேல் மூடியும் பெயின்ட்டும் வேறு, உள்ளே ஏறக்குறைய ஒன்றே.

அதற்கு முன்னால், ஒழுகுவது எந்த ஆயில் என்று தெரிய வேண்டும். இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அந்தக் கால மாடல்களுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலக்க வேண்டும். மீன் பிடிக்க மெதுவாக ஓட்டினால் எரியாத ஆயில் புகையோடு சேர்ந்து மோட்டாரின் கால் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். மோட்டாரைக் கழற்றி ஷெட்டில் நிறுத்தி வைத்தாலும் அந்த மிச்சம் கருப்பாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். இது கசிவே அல்ல. அடியில் ஒரு அட்டையைப் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் கருப்பாக, நீர்த்தாற்போல, எரிந்த பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தால் அது எஞ்சின் கலவை. விரலில் ஒட்டிக்கொண்டு, கெட்டியாக, கந்தக வாடை அடித்தால், அது காலின் அடியில் புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பாக்ஸின் ஆயில், அதாவது கியர் ஆயில். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் சீல் வாங்க ஓடுகிறவர்கள் நிறைய.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருப்புச் சொட்டு பிடிக்கவில்லை என்று கலவையை 50:1 ஆகக் குறைக்காதீர்கள். கம்பெனி அந்த அளவுக்கு மாறியது 1964-ல். அதற்கு முந்திய, வெண்கல புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) வைத்த எஞ்சினுக்கு அந்த ஆயில் போதாது. சொட்டு குறையும், புஷ் தேயும்.

சரி, ஒழுகுவது கியர் ஆயில்தான் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரை ஒரு நாள் நிமிர்ந்த நிலையில் நிறுத்திவிட்டு, கியர் பாக்ஸின் கீழ்த் திருகை, அதாவது வடிகால் திருகை, மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் உள்ளே தனியாக இருந்தால் முதலில் அதுதான் வரும். பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் அதோடு கலந்தே விட்டது. தளர்த்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் வடிகால் திருகுக்குப் பக்கத்திலேயே நட்சத்திர வெட்டு வைத்த இன்னொரு திருகு இருக்கும். கியர் மாற்றும் நெம்பை உள்ளே தாங்கி நிற்பது அதுதான். அதைக் கழற்றினால் நெம்பு உள்ளே விழுந்துவிடும். அப்புறம் கியர் பாக்ஸைப் பிரிக்காமல் வழியில்லை.

இனி பெரிய சண்டைக்கு வருவோம். புரொப்பல்லர் ஷாஃப்டில் பெரும்பாலும் இரண்டு உதடுகள் (ஷாஃப்டில் படியும் மெல்லிய ஓரங்கள்) கொண்ட சீல் இருக்கும், இல்லையென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சீல்கள். உள்நோக்கிய உதடு ஆயிலை வெளியே விடாது, வெளிநோக்கியது தண்ணீரை உள்ளே விடாது. ஆயிலை வடித்துவிட்டு உள்ளே காற்றடித்தால் நாம் சோதிப்பது முதலாவதை. வேக்குவம் போட்டால் இரண்டாவதை. காற்றுச் சோதனையில் ஜோராகத் தேறிய கியர் பாக்ஸ் வேக்குவத்தில் தோற்றுப் போவது இதனால்தான். இரு கட்சிக்காரர்களும் ஒரே கேள்விக்கு விடை தேடுவதாக நினைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

காற்றுச் சோதனையின் பெரிய பலம், ஓட்டை எங்கே என்று கண்ணுக்குக் காட்டிவிடுவது. முதலில் 3 முதல் 6 பி.எஸ்.ஐ (அழுத்த அளவு) வரை ஏற்றி, பம்பின் அழுத்தமானி முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் 16 முதல் 18 வரை போகலாம் என்பது இந்தக் கம்பெனியின் பிற்காலக் கையேடுகளில் உள்ள அளவு. அறுபது வயது மோட்டாருக்கு நான் 10-ஐத் தாண்ட மாட்டேன். சோப்புத் தண்ணீர் பூசினாலோ, ஒரு தொட்டித் தண்ணீரில் முக்கினாலோ குமிழி காட்டிக்கொடுக்கும். ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே பாருங்கள், பக்கவாட்டில் லேசாகத் தள்ளியும் பாருங்கள். அசையாத ஷாஃப்டில் ஒழுகாத சீல், சுற்றும்போது வாயைத் திறக்கும். கியர் ராடையும் மேலும் கீழும் அசைக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஓரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1950-களின் பல மாடல்களில் கியர் பாக்ஸின் அடிப்பகுதி தனித் துண்டு. அந்த இணைப்புக் கோட்டிலிருந்து குமிழி வந்தால் சீல் எதையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

வேக்குவம் கொஞ்சம் பொறுமை கேட்கும். கார் பிரேக் பிளீட் செய்யும் கைப்பம்பு போதும். 3 முதல் 5 அங்குலப் பாதரச அளவில் நிற்கிறதா பார்த்து, பிறகு 15 வரை இழுங்கள். முள் இறங்கினால் குமிழி எதுவும் தெரியாது. அதற்கும் வழி உண்டு: சந்தேகப்படும் சீலைச் சுற்றி ஆயிலைத் தடவுங்கள். முள் நின்றுவிட்டாலோ ஆயில் உள்ளே இழுக்கப்பட்டாலோ ஆள் சிக்கிவிட்டது.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் என் ஓட்டு வேக்குவத்துக்கு. ஓடும்போது கியர் பாக்ஸ் சூடாகும், உள்ளே காற்று விரியும். நிறுத்தியதும் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். மோட்டாரைக் கொல்வது இந்த உறிஞ்சல்தான். ஆயில் கொஞ்சம் வெளியே போனால் ஊற்றிக்கொள்ளலாம், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பது அசிங்கம் என்பது வேறு. உள்ளே வந்த தண்ணீர் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கனடா, மினசோட்டா போன்ற இடங்களில் குளிர்காலத்துக்கு அப்படியே விட்டால் உறைந்து விரிந்து அலுமினிய உறையையே பிளந்துவிடும். சீல் வாங்கலாம், 1957 உறைக்கு எங்கே போவது?

புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காருக்கு அருமை. தண்ணீருக்குள் வேலை செய்யும் பெட்டிக்கு, சாயம் கழுவிக்கொண்டு போய்விடும்.

எல்லா சீலையும் மாற்று என்னும் மூன்றாவது கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சரித்திரம் தெரியாத மோட்டார் கைக்கு வந்தால், வாட்டர் பம்ப் இம்பெல்லரை (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். அதைக் கழற்றினால் அடியிலேயே டிரைவ் ஷாஃப்ட் சீல் கண்ணில் படும். அப்போது மாற்றாமல் மூடுவது முட்டாள்தனம். ஆனால் சோதிக்காமல் மாற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீலுக்குப் பின்னால் சுற்றிய மீன்பிடி நரம்பு உதட்டை அறுத்திருக்கலாம். அல்லது ஷாஃப்டிலேயே பள்ளம் விழுந்திருக்கலாம். நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். பள்ளத்தின் மேல் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் ஒழுகும். சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்து, உதடு புதிய இடத்தில் படும்படி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும். ஆகவே சீல் மாற்றிய பிறகும் சோதனைப் பம்பை எடுக்காமல் தப்ப முடியாது. திருகுகளின் அடியில் உள்ள சின்ன வாஷர்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு, பாதிக் கசிவுகளுக்குக் காரணம் என்பது என் சந்தேகம்.

கையில் இருப்பது பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார் என்றால் இதில் எதுவும் பொருந்தாது. அதன் கியர் பாக்ஸில் சீல் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கெட்டியான 140 ஆயில் கொஞ்சம் வெளியே போகும், தண்ணீர் கொஞ்சம் உள்ளே வரும், இரண்டும் கலந்த குழம்பில் கியர்கள் ஓடும் என்று தெரிந்தே செய்தது அது. பம்பை உள்ளே வையுங்கள், ஆயில் டப்பாவை வெளியே எடுங்கள்.