அம்மா ‘திக்குது’ என்று சொன்ன படம்: வீட்டு டிவி பதிவுகளை லேப்டாப்பில் பார்த்த ஐந்து வருடம்

தெற்கு லண்டனில், க்ரொய்டனுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடி ஜன்னலில் நின்றால் கிரிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரம் தெரியும். 219 மீட்டர் உயரம். ராத்திரியில் அதன் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டேதான் பல நாள் பல் தேய்த்திருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் கோபுரம் இருக்கும்போது சிக்னலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் என்னைச் சுற்றவிட்டது அந்த நினைப்புதான்.

2020 ஊரடங்கில் தொடங்கியது இது. வீட்டில் டிவி ஒன்று, அது பையன் கையில். மனைவிக்கு மருத்துவமனையில் மாறி மாறி ஷிப்ட். அவளுக்குப் பிடித்த நிகழ்ச்சி வரும் நேரத்தில் அவள் வார்டில் இருப்பாள். ஆன்டெனா வழியே இலவசமாக வரும் ஃப்ரீவியூ சேனல்களைப் பதிவு செய்து வைத்தால், எப்போது வேண்டுமானாலும் எந்த அறையிலிருந்தும் லேப்டாப்பில் பார்க்கலாமே என்று தோன்றியது. ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று (இனி வெறும் ‘பை’), அதன் மேல் பொருத்தும் டிவி ஹேட் என்ற சின்ன டியூனர் பலகை, 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க், பதிவைப் பார்த்துக்கொள்ளும் டிவிஹெட்எண்ட் மென்பொருள். சாமான் அவ்வளவுதான். (வரும்போதே பதிவு செய்வதற்கும் இங்கே டிவி லைசென்ஸ் வேண்டும். எங்களிடம் இருக்கிறது.)

ஒரே டியூனர்தானே, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பதிய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே அலைவரிசையில் பல சேனல்களை ஒன்றாகக் கட்டித்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். டியூனர் ஒரு கட்டைப் பிடித்துவிட்டால் அதற்குள் இருக்கும் எல்லாச் சேனலையும் ஒரே நேரத்தில் பதியலாம். எங்கள் வீட்டுத் தேவைக்கு இது தாராளமாகவே போதும்.

பதிவு முதல் நாளே வேலை செய்தது. பார்ப்பதுதான் பாடாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் நிற்கும், சதுரம் சதுரமாக உடையும், குரல் கிரீச்சிடும், பிறகு ஓடும்.

உடனே நான் செய்தது இணைய வேகத்தைக் கூட்டியது. மாதச் சந்தா ஏறியது, படம் அப்படியே நின்று நின்று ஓடியது. இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பதிவு உங்கள் வீட்டு டிஸ்க்கில் இருக்கிறது, லேப்டாப்பும் வீட்டுக்குள் இருக்கிறது. இடையே போகும் தரவு வெளியே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிராட்பேண்ட் கம்பெனி எத்தனை மெகாபிட் கொடுத்தாலும் இந்தப் பாதை ஒரு இம்மியும் அகலாது.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். என் எச்டி பதிவுகள் மணிக்குச் சுமார் 3 ஜிபி வருகின்றன. அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 7 மெகாபிட். சாதாரணப் பதிவுகள் இதில் பாதிகூட இல்லை. ஐபெர்ஃப் என்ற இலவசக் கருவியால் பைக்கும் லேப்டாப்புக்கும் இடையே வைஃபை வேகத்தை அளந்தால் சராசரி 30 மெகாபிட் காட்டியது. நாலு மடங்கு! பிறகு ஏன் நிற்கிறது? சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு நொடியின் எண்ணையும் வரிசையாகப் பார்த்தபோது புரிந்தது. 38, 41, 36, 0, 0, 44. அந்த இரண்டு பூஜ்ஜியம்தான் சிக்கல். விஎல்சி பிளேயர் வழக்கமாக ஒரு நொடிக்கான தரவைத்தான் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டு நொடி வறண்டால் படம் நிற்காமல் என்ன செய்யும்? அமைப்புகளுக்குள் போய் அந்த முன்சேமிப்பை 1000 மில்லிநொடியிலிருந்து 5000 ஆக்கினேன். பாதி நோய் அன்றே போனது. காசில்லாத வைத்தியம் என்பதால் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பூஜ்ஜியம் ஏன் வருகிறது என்று தேடியதில் ஒரு வேடிக்கையான காரணமும் கிடைத்தது. யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் டிஸ்க் பையின் நீலத் துளையில், அதாவது யுஎஸ்பி 3-இல் செருகியிருந்தது. அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி பையின் வைஃபை ஆன்டெனா, அதே 2.4-இல். டிஸ்க் மும்முரமாக எழுதும்போதெல்லாம் வைஃபை செவிடாகிப் போயிருக்கிறது. டிஸ்க்கைக் கறுப்புத் துளைக்கு, அதாவது யுஎஸ்பி 2-க்கு, மாற்றியதும் பூஜ்ஜியங்கள் குறைந்தன. சமையலறை மைக்ரோவேவ் ஓடும்போது வந்தவை மட்டும் மிச்சம்.

அதையும் ஒழிக்க, மின்சாரக் கம்பி வழியே நெட்வொர்க் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் வாங்கினேன். பழைய வீட்டு வயரிங். வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் வேகம் விழுந்துவிடும். ஆறு மாதத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்தேன்: மாடிப்படி ஓரமாக 15 மீட்டர் தட்டைக் கேபிள். அதிலும் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. கிகாபிட் வரவேண்டிய இடத்தில் 94 என்றால் கேபிளின் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று சரியாகச் சேரவில்லை, இரண்டு முனையும் பேசி 100-க்கு இறங்கிவிட்டன என்று பொருள். முனையைப் புதிதாகப் போட்டதும் 930 தாண்டியது. உண்மையில் 94-ஏ பத்துப் பேர் ஒரே நேரத்தில் எச்டி பார்க்கப் போதும். அதற்காக நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆக, வைஃபை இல்லை, கேபிள் சுத்தம். இருந்தும் படம் இடையிடையே உடைந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் அடியோடு ஒழியவில்லை. நான் ரவுட்டரை மாற்றினேன். மனைவி எதுவும் சொல்லாமல் போனில் பார்க்கத் தொடங்கினாள்.

2023 மே மாதம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பிபிசி இரண்டில் வெள்ளிக்கிழமை மாலை வரும் தோட்ட நிகழ்ச்சி அவருக்கு உயிர். மொழி முழுக்கப் புரியாவிட்டாலும் செடி புரிகிறது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, ஒரே பதிவை இரண்டு நாள் பார்ப்பார். ஒரு நாள் அடுப்பங்கரையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்த ரோஜாப் பந்தல் வர்ற இடத்துல படம் திக்குதுப்பா. நேத்தும் அதே இடத்துலதான் திக்குச்சு.”

எனக்குச் சுரீர் என்றது. அதே இடத்திலா? நெட்வொர்க் தடுமாறினால் அது நேற்று ஒரு இடத்திலும் இன்று வேறு இடத்திலும்தானே தடுமாறும்? உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். 17-ஆவது நிமிடம், 42-ஆவது நொடி. பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினேன். அதே 42. அந்தக் கோப்பை முழுசாக லேப்டாப்புக்கு நகல் எடுத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். 42-இல் ரோஜாப் பந்தல் சதுரம் சதுரமாக உதிர்ந்தது. நெட்வொர்க்கே இல்லாத இடத்தில் நெட்வொர்க் கோளாறு எப்படி வரும்? படம் பதியும்போதே உடைந்திருக்கிறது.

டிவிஹெட்எண்டில் முடிந்த பதிவுகளின் பட்டியலில் பிழைகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கிறது. மூன்று வருடம் தினமும் பார்த்த பக்கம்தான். அந்தப் பத்தியை நான் படித்ததே இல்லை. அந்தப் பதிவுக்கு நேரே 212 என்று இருந்தது. ஒளிபரப்பு 188 பைட் கொண்ட சின்னப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு ஓடையின் பொட்டலத்திலும் 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி வரும் ஒரு வரிசை எண் உண்டு. 6-க்குப் பிறகு 9 வந்தால் நடுவில் இருந்தவை தொலைந்தன என்று மென்பொருள் எண்ணிக் குறித்துக்கொள்கிறது. 212 என்றால் 212 தடவை இப்படி வரிசை அறுந்திருக்கிறது.

சிக்னலைப் பார்த்தால் வலிமை முழுசாக 100 சதவீதம். பக்கத்தில் இருந்த தர எண்ணோ நிலையில்லாமல் ஏறி இறங்கியது. ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சிக்னல் பூஸ்டர் ஒன்று, தூசிக்கு நடுவே பச்சை விளக்கு எரிய, வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்தின் காலடியில் இருக்கும் வீட்டுக்குப் பூஸ்டர்! காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. டியூனருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. பூஸ்டரைக் கழற்றி, கேபிளை நேரே இணைத்து, சிக்னலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் விரல் நீள அட்டெனுவேட்டர் ஒன்றைச் சொருகினேன். வலிமை 100-லிருந்து 70-க்கு இறங்கியது. தரம் ஏறி நின்ற இடத்தில் நின்றது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி. அல்காரஸும் ஜோகோவிச்சும் ஐந்து செட், 4 மணி 42 நிமிடம் ஆடினார்கள். மனைவிக்குப் பகல் ஷிப்ட். முடிவு நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பதியச் சொல்லி வைத்திருந்தேன், நல்லவேளை. யாரும் அவளிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்று பையனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவள் ராத்திரி முழுக்கப் பார்த்தாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பிழைப் பத்தியில் 0.

அதன்பின் வந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். டென்னிஸ் மட்டையை வேகமாக வீசும்போது ஓரங்கள் சீப்புப் பல்போலப் பிளந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒளிபரப்பு ஒற்றை வரி, இரட்டை வரி என்று பாதிப் பாதிப் படமாக வருகிறது, கணினி அதை அப்படியே காட்டுகிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸை இயக்கி ‘யாதிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். விளையாட்டுப் பார்ப்பவர்கள் இதைச் செய்யாமல் இருக்கவே கூடாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசரில் நேரடியாக ஓட்ட முயலவே வேண்டாம். சாதாரணச் சேனல்கள் எம்பெக் 2 என்ற பழைய முறையில் சுருக்கி அனுப்பும் படம் அவற்றில் ஓடாது.

பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பார்க்கத் தொடங்கினால் ஒரு தொல்லை உண்டு. சில பிளேயர்கள் திறந்தபோது இருந்த நீளத்தோடு படம் முடிந்தது என்று நின்றுவிடும். ‘கோடி’ (Kodi) என்ற பிளேயர் மென்பொருளில் டிவிஹெட்எண்ட் இணைப்பைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, எப்போதாவது ஒரு பதிவில் நேரப் பட்டை பைத்தியம் பிடித்ததுபோல 26 மணி நேரம் என்று காட்டும். ஒளிபரப்பின் கடிகாரம் நொடிக்கு 90,000 துடிப்பு வீதம் 33 பிட்டுக்குள் எண்ணுவதால் ஏறக்குறைய 26 மணி 30 நிமிடத்துக்கு ஒரு முறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம் பதிவின் நடுவில் விழுந்தால் இப்படி ஆகும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு, தரத்தில் கை வைக்காமல், எம்கேவி வகைக் கோப்பாக மாற்றினால் சரியாகிவிடும்.

டிஸ்க் தூங்கிப்போவதை அப்படியே விட்டுவிட்டேன். முதல் படம் திறக்க ஆறேழு நொடி ஆகிறது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். தொடக்கத்தில் போன் சார்ஜரைப் போட்டு ஓட்டினேன், திரையில் மின்னல் குறி வந்து வந்து போனது. மின்னழுத்தம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டபின் ஒரு நாளும் வந்ததில்லை.

இப்போது ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அதே பை, அதே டிவி ஹேட். டிஸ்க் மட்டும் ஒருமுறை நிறைந்து பெரிதாக மாறியிருக்கிறது. போன மாதம் மறுபடி படம் உடைந்தது. ரவுட்டர் பக்கம் போகவே இல்லை. பின்னால் இழுத்து ஓட்டினேன், அதே நொடியில் உடைந்தது. பிழைப் பத்தியைப் பார்த்தேன்: 38. பரணுக்கு ஏறினேன். ஆன்டெனா கேபிளின் திருகு முனை தளர்ந்திருந்தது. விரலால் இறுக்கிவிட்டு இறங்கி வந்தேன். ஏணியோடு சேர்த்துப் பத்து நிமிட வேலை.