குரும்பை விழுந்த கூரை: வீட்டிலேயே ஒடுக்கு எடுத்த நான்கு ஆண்டுகள்

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று தென்னைகள். காருக்கு வேறு நிழல் கிடையாது. காய்களை ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை வெட்டிவிடுவதால் தேங்காய் விழுந்ததில்லை. விழுந்தது குரும்பை, அதாவது முற்றாத பிஞ்சுக் காய். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய குரும்பை அவ்வளவு உயரத்திலிருந்து தகட்டில் விழுந்தால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குழி விழுந்துவிடும். 2021 கோடையில் எண்ணிப் பார்த்தேன்: காரின் கூரையில் எட்டு, பானெட்டில் மூன்று. ஒன்றில்கூடப் பெயிண்ட் உடையவில்லை.

பட்டறையில் கேட்டதற்குப் பட்டி (குழியை நிரப்பித் தேய்க்கும் பூச்சு) போட்டுக் கூரை முழுவதும் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அங்கே டிங்கர் வேலை செய்யும் பெரியவர் மட்டும் தனியாக அழைத்து, “தம்பி, கம்பெனி பெயிண்ட் ஒருமுறை போனால் போனதுதான். உடையாத இடத்தில் எதற்குப் பட்டி?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், பெயிண்டைக் கெடுக்காமல் குழியைப் பசை வைத்து இழுக்கும் கருவித் தொகுப்பை வாங்கினேன். காப்பீட்டில் கேட்கவும் மனமில்லை. 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும். அதோடு, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

தொகுப்பில் இருந்தவை: ஒரு பசைத் துப்பாக்கி, பசைக் குச்சிகள், காளான் வடிவப் பிளாஸ்டிக் குமிழ்கள், இரண்டு கால் ஊன்றி நடுவே திருகு வைத்த ஒரு பாலம். குழியின் நடுவில் குமிழைச் சூடான பசையால் ஒட்டி, பசை ஆறியதும் பாலத்தை மேலே வைத்துத் திருகினால் தகடு மேலே வரும். சொல்ல எளிது. முதல் இரண்டு வாரங்களில் ஒரு குழிகூட முழுதாக எழவில்லை. குமிழ்தான் கையோடு வந்தது.

காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டேன். மெழுகுப் பாலிஷ் இருந்த தகட்டில் பசை பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் பிடித்தது. தொகுப்போடு வந்த 20 வாட் துப்பாக்கியில் பசை சரியாக உருகவில்லை; 100 வாட் துப்பாக்கி வாங்கினேன். ஏப்ரல் நண்பகலில் கூரை கொதிக்கும்போது பசை இறுகவே இறுகாது. மார்கழி விடியலில் தகடு சில்லென்று இருந்தால் பசை உடனே விறைத்து, தொட்டதும் உதிர்ந்துவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, கை வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் தகடுதான் சரி.

ஆனால் என் வேலையை மாற்றியது வேறொன்று. காரின் வெளித்தகடு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் எஃகுதான். குரும்பை விழும்போது நடுப்பகுதி தாழ்கிறது; தள்ளப்பட்ட தகடு சுற்றிலும் மெல்லிய வளையமாக மேடிட்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளையம்தான் குழியைப் பூட்டி வைத்திருக்கிறது. நடுவை மட்டும் இழுத்தால் பள்ளம் பாதி எழும், மேடு அப்படியே நிற்கும். இழுப்பதற்கு முன்பும், ஒவ்வோர் இழுப்புக்குப் பின்பும் நைலான் முனைக் குச்சியை வைத்துச் சிறு சுத்தியலால் வளையத்தைச் செல்லமாகத் தட்டினேன். அன்றுதான் முதல் குழி காணாமல் போனது. பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவர்கள் குழியைச் சுற்றிச் சுற்றித் தட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அன்று புரிந்தது.

மேடு எங்கே என்று விரலுக்குத் தெரியாது, வெளிச்சத்துக்குத் தெரியும். மாலையில் வாசல் டியூப் லைட்டின் பிம்பம் தகட்டில் விழும்படி நின்று பாருங்கள். பிம்பக்கோடு எங்கே ஒடுங்குகிறது, எங்கே உப்புகிறது என்பதை வைத்து அடையாளமிட்டுக்கொள்வேன். பலமாக ஒரே இழுப்பு வேண்டாம். ஒரு குழிக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு இழுப்புகள்கூட ஆகும். பசையை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டக் கூடாது. ஓரத்தில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டால் தானே கழன்றுவிடும்.

பதினொன்றில் எட்டு இன்று எந்த வெளிச்சத்திலும் தெரிவதில்லை. இரண்டு, இடம் தெரிந்தவர்கள் தேடினால் தெரியும். பானெட் விளிம்பில் இருந்த ஒன்றை விட்டுவிட்டேன். அங்கே உள்ளே இரட்டைத் தகடு, அசையவே இல்லை. நான்கு மழைக்காலம் கடந்தும் எழுப்பிய இடங்களில் துருவோ வெடிப்போ இல்லை.

வருத்தம் ஒன்று உண்டு. முன் இடது ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), நான் வாங்குவதற்கு முன்பே பட்டி போட்டு பெயிண்ட் அடிக்கப்பட்டது. தெரியாமல் அதிலும் குமிழை ஒட்டினேன். இழுத்ததும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து குமிழோடு வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் காந்தம் தளர்வாகத்தான் பிடிக்கும். அங்கே பசை வைக்கவே வைக்காதீர்கள்.

ஹேர் டிரையரால் சூடாக்கிப் பனிக்கட்டி வைத்தால் குழி எழும் என்பதையும் முயன்றேன். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 12 மைக்ரான் அளவுதான் விரியும். பத்து சென்டிமீட்டர் இடத்தை 60 டிகிரி சூடேற்றினாலும் 0.07 மில்லிமீட்டர்தான். மடிந்த தகட்டை அது எப்படி எழுப்பும்? பின் பம்பருக்கு மட்டும் சூடு உதவியது, அது பிளாஸ்டிக். கொதிநீரை ஊற்றி, உள்ளிருந்து கையுறையோடு தள்ளி, உடனே குளிர்ந்த நீர் ஊற்றினேன். தகட்டில் அழுத்தி ஒட்டி இழுக்கும் ரப்பர் உறிஞ்சுகுவளை ஒரே ஒருமுறைதான் பயன்பட்டது: மாடு சாய்ந்ததில் கதவு அகலமாக, ஆழமின்றி அமுங்கியிருந்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடி போல ‘டொப்’ என்று வெளியே வந்தது.

பைக்கின் பிரேக் லிவர் கிழித்த கூரிய மடிப்பு ஒன்று பின் கதவில் இருக்கிறது. அது என் கைக்கு அடங்காது. உள்ளிருந்து கம்பி விட்டு நெம்பி எடுக்கும் தேர்ந்த கைக்காரரிடம் அடுத்த மாதம் கோவைக்குக் கொண்டுபோகிறேன். குமிழ்களில் ஏழு உடைந்துவிட்டன, திருகுக்கு ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் விடுகிறேன், பசைக் குச்சிகளை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைப்பதில்லை. நேற்று காலை கூரையில் புதிதாக ஒரு குழி. மாலை டியூப் லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.