ஃபேஷனா, சொந்தப் பாணியா?

ஃபேஷனைப் பின்தொடர்பவருக்கு ஒரு வசதி: மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கடையே யோசித்துவிடுகிறது. புதியதை உடுத்தும் உற்சாகமும் பொய்யில்லை. ஆனால் 2010-களில் காலோடு ஒட்டிய ஜீன்ஸாக வாங்கிக் குவித்தவர்களுக்கு, தொளதொள ஜீன்ஸ் திரும்பி வந்ததும் அலமாரியே பழசாகிவிட்டது.

சொந்தப் பாணிக்கு முதலில் உழைப்பு வேண்டும். தோள் தையல் எலும்பின் முனையில் சரியாக உட்காருகிறதா, கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறதா, எந்த நிறம் முகத்தை மங்கவைக்கிறது என்று கண்ணாடி முன் நின்று பார்த்தாக வேண்டும். பிறகு நிம்மதி. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே வடிவமைத்த கழுத்து மூடிய கறுப்புச் சட்டையை ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆண்டுக்கணக்கில் அணிந்தார். (அவ்வளவு தூரம் போனால் எனக்கு அலுத்துவிடும்.)

என் ஓட்டு பாணிக்கே. புது மோகத்துக்குக் காதணி, பெல்ட் போதும். விலை உயர்ந்த கோட், ஷூ எதையும் அதை நம்பி வாங்க வேண்டாம்.