‘பொருந்தாத பில் 0’ என்று காட்டினால் உடனே நம்பாதீர்கள்

மதுரையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறோம். மாதாமாதம் எங்கள் கொள்முதல் பதிவேட்டையும், சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலையும் ஒப்பிட்டாக வேண்டும். சப்ளையர் ஏற்றாமல் 2பி-யில் வராத பில்லுக்கு 2022 ஜனவரியிலிருந்து உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. இதற்கென்றே ஒருவரிடம் காசு கொடுத்து மென்பொருள் எழுதி வாங்கினோம்.

நான்கு மாதமும் ‘பொருந்தாதவை: 0’ என்றே காட்டியது. நாங்களும் முழு வரியையும் எடுத்துக்கொண்டோம். அப்புறம் ஆடிட்டர் கேட்டார்: “உங்ககிட்ட 412 பில், 2பி-யில 389. பூஜ்யம் எப்படிங்க வரும்?” குறைந்தது 23 பில்லாவது நின்றிருக்க வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து கையால் எண்ணினோம். எங்களிடம் இருந்து 2பி-யில் இல்லாதவை 31. அங்கே இருந்து நாங்கள் பதியாதவை 8.

தெரிந்த பையன் ஒருவன் நிரலைத் திறந்து பார்த்தான். ‘பட்டியலில் இல்லாதவை எவை’ என்று தேட, எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியின் ‘நாட் இன்’ கட்டளையைப் போட்டு எழுதியிருந்தது. 2பி எக்செல்லின் அடியில் இருந்த ஒரு வெற்று வரி, பில் எண் இல்லாமல் ‘நல்’ மதிப்பாக, அதாவது ‘என்னவென்று தெரியாது’ என்ற குறியாக, உள்ளே போயிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ இருந்தாலும் போதும், ‘இது அந்தப் பட்டியலில் இல்லை’ என்று எஸ்க்யூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரு பில்கூட வெளியே வராது, பிழைச் செய்தியும் வராது. ‘நல்’ இருந்தாலும் குழம்பாத ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ கட்டளைக்கு மாற்றியதும் 29 வந்தது.

மீதி இரண்டு? பில் எண்ணை மட்டும் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு சப்ளையர்களுக்கு ஒரே பில் எண் இருந்தால், ஒருவருடையது இன்னொருவருடையதோடு ஒட்டிக்கொள்ளும். ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்துப் பொருத்திய பிறகுதான் 31 வந்தது.

எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டால், “உங்க எக்செல் சரியில்லை” என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. எடுத்த வரியைத் திருப்பி, பயன்படுத்திய தொகைக்கு ஆண்டுக்கு 18% வட்டியும் கட்டினோம். கொடுத்த காசு போனதைவிட, நான்கு மாதம் எங்களை நிம்மதியாக இருக்கவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்படி ஏதாவது வாங்கினால், பணம் கொடுக்கும் முன் 2பி கோப்பின் நகலில், உங்கள் பதிவேட்டிலும் இருக்கிற மூன்று பில்களை நீக்குங்கள், கீழே ஒரு வெற்று வரியும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கை சரியாக மூன்று கூடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.