ஈயக்குண்டு அச்சு வாங்கலாமா?

தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கிற அலுமினிய அச்சு விலை இறங்கிவிட்டதாம், வாங்கவா என்று மச்சான் கேட்டான். நடுவில் துளையுள்ள முட்டைக்குண்டு வார்க்கிற, மரக்கைப்பிடி போட்ட அதே அச்சுத்தான் என்னிடமும் இருக்கிறது. சில வருடமாகப் பாவிக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோணேசர் மலையடியில் பாறைக்குள் தூண்டில் போடுகிறவனுக்கு ஈயக்குண்டு தங்காது. கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. ரயர்க் கடைகளில் சில்லு பலன்ஸ் செய்யும்போது கழற்றிப் போடும் பழைய ஈயத்துண்டுகள் சும்மா மாதிரிக் கிடைக்கும். இப்போது அதற்குள் இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சிரட்டைக்கரி அடுப்பை அளவாக வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிப் போடலாம். பற்றரி ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமிலமும் நச்சுப் புகையும் ஆளை விடாது.

நான் எதிர்பாராத சந்தோஷம் குப்பி விளக்கால் வந்தது. அச்சின் உட்பக்கத்தை அந்தப் புகையில் பிடித்துக் கரி படியவிட்டு, அச்சையும் சூடாக்கி ஊற்றினால் குண்டு புளியங்கொட்டை போல வழுவழுவென்று கழன்று விழும். சூடேறாத அச்சில் ஈயம் பாதியில் இறுகிச் சுருக்கம் சுருக்கமாக வரும். மாரியில் நான் அடுப்பே மூட்டுவதில்லை. ஈரத்துண்டு ஒன்று உருகிய ஈயத்துக்குள் விழுந்தாலே நீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு எறியும்.

வெளிநாட்டில் வீட்டிலிருந்தே தோட்டா வார்க்கிறவர்களும் இந்தக் கரி வித்தையைச் செய்கிறார்கள். அதை நம்மூரில் பகிடிக்குக்கூடச் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

சரி, இனி அச்சின் இரு பாதியையும் சேர்க்கிற பிணைச்சல். செய்தவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். புதிதிலேயே அது மயிரளவு ஆடியது. அச்சின் இரு பாதியும் நேராகப் பொருந்தாமல் கொஞ்சம் வழுக்கும். அதனால் ஒவ்வொரு குண்டின் இடுப்பைச் சுற்றியும் மெல்லிய செதில். இடுப்பில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், துளையின் வாயிலும் அதே செதில்! தங்கூசி, அதுதான் தூண்டில் நரம்பு, ஓடுவது அதன் மேலேதான். நல்ல பாரை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடும்போது பிளேட் போல அறுத்துவிடும். முள்ளும் போய், குண்டும் போய், மீனும் போய்விடும்.

அரத்தால் ராவினால் செதில் போகும், ஆனால் ஈயத்தூள் பறக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது பெரிய வினை. இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று அதற்கு அளவே கிடையாது. அதனால் பழைய கத்தியால் ஒவ்வொன்றாகச் சீவி, சீவலைத் திரும்பவும் சட்டிக்குள் போடுகிறேன். வார்ப்பதைவிடச் சீவத்தான் நேரம் போகிறது. பிணைச்சல் ஆணியை மாற்றியும் பார்த்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த அச்சு தன் விலையை எப்போதோ உழைத்துத் தந்துவிட்டது. பழுதாகவில்லை, வளையவில்லை, வார்த்த குண்டுகள் எல்லாம் ஒரே நிறை.

ஆனாலும் வாங்காதே மச்சான். என்னுடையதை இரவல் கேட்டும் வராதே.