முப்பரிமாண வாழ்த்து மடல் செய்விக்க முற்பணம் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மஸ்கெலியாப் பகுதியின் தோட்டப் பாடசாலை ஒன்றில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை அண்மையில் பணி ஓய்வு பெற்றார். கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாடுகளிலும் வாழும் பழைய மாணவர்கள் 18 பேர் சேர்ந்து, அவருடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பக்கூடிய முப்பரிமாண வாழ்த்து மடல் ஒன்றைச் செய்விக்கத் தீர்மானித்தோம். பணம் சேர்ப்பதும் வடிவமைப்பாளரைத் தேடுவதும் என் பொறுப்பாயின. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் இத்தகைய மடல்களைக் கேட்டுப் பணம் கட்டுபவர்கள் மலையகத்தில் பலர் இருப்பதால், நான் ஏமாற்றப்பட்ட விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

முன்னால் தேயிலைச் செடிகள், அவற்றுக்குப் பின்னால் மவுசாக்கலை நீர்த்தேக்கம், அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மலைகள், எல்லாவற்றுக்கும் பின்னே சிவனொளிபாத மலையின் கூம்பு என்று நாங்கள் விரும்பிய காட்சியை, நான் தேடிப் பிடித்த வடிவமைப்பாளரிடம் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். தட்டையான திரையில் ஆழம் தெரிய வேண்டுமானால் ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும், எல்லா நிழல்களும் அதற்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும், பின்னணியிலிருந்து விலகி நிற்கும் பொருளின் நிழல் சற்றுத் தள்ளி, விளிம்பு கலங்கித் தெரிய வேண்டும். தூரத்து மலைகள் வெளிறி நீலம் பூசியதுபோல் இருக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டிருந்தேன். மழை விட்ட காலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். முப்பரிமாண உருக்களை அமைக்கும் பிளெண்டர் மென்பொருளில் மலைகளை முப்பரிமாண உருவாகவே கட்டியெழுப்பித் தருவதாக அவர் வாக்களித்தார். விலை 12,000 ரூபாய் என்றார். அதில் பாதியை அவருடைய கணக்கில் வைப்பிலிட்டேன்.

ஒன்பது நாட்களுக்குப் பின் வந்த படத்தில் சிவனொளிபாத மலை இருக்கவில்லை. பனி மூடிய ஏதோ ஒரு நாட்டின் சிகரம் இருந்தது. ஆசிரியையின் உருவத்தின் நிழல் இடப்பக்கமும் இலைகளின் நிழல் வலப்பக்கமும் விழுந்திருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, விலைக்குப் படங்கள் விற்கும் தளங்கள் இடும் நீர்க்குறியின் சாம்பல் நிறக் கோடுகள் மூடுபனிக்குள் தெரிந்தன.

எழுத்துகள்தாம் என்னை மிகவும் வருத்தின. ‘நெஞ்சார்ந்த’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ‘ந’ என்ற எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தள்ளப்பட்டிருந்ததால், விரைந்து வாசிப்பவர் கண்ணுக்கு நெஞ்சு நஞ்சாகத் தெரியும். தமிழ் கற்பித்த ஒருவருக்கு அதை எப்படி அனுப்புவது? சுட்டிக்காட்டியபோது, என் தொலைபேசியில் தமிழ் எழுத்துரு சரியில்லை என்று வடிவமைப்பாளர் பதிலளித்தார். இது உண்மையல்ல என்பதை வாசிப்பவர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். படக்கோப்பாக மாற்றப்பட்ட பின் எழுத்துகள் எழுத்துகளாக இருப்பதில்லை. அவை நிறப்புள்ளிகளாகிவிடுகின்றன, எந்தத் தொலைபேசியும் அவற்றை இடம் மாற்றாது. போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் இப்படிக் கொம்புகள் இடம் மாறலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது நேராது. தமிழில் தொடர்ந்து வேலை செய்யும் எவரும் இந்தக் கோளாற்றை ஒரு முறையாவது சந்தித்துத் திருத்தியிருப்பார்.

சந்தேகம் வலுத்ததால், அவர் முதலில் காட்டியிருந்த மாதிரி மடல்களைக் கூகுளின் படத்தேடலில் இட்டுப் பார்த்தேன். அவற்றுள் மூன்று, படம் விற்கும் தளமொன்றில் வேறொருவர் பெயரில் இருந்தன. முற்பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றே என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். அவருடைய இணையப் பக்கம் அதன் பின் இரு முறை பெயர் மாறியிருப்பதால், பெயரை இங்கே எழுதுவது எவருக்கும் பயன்படாது.

மாதிரிகளைப் பார்த்து மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெயரையும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் ஒரு வரியையும் அதே பாணியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னர் ஒளியை மறுபக்கத்திலிருந்து வரச் செய்து அதே காட்சியைக் கேளுங்கள். முப்பரிமாண உருவை உண்மையாகக் கட்டியவருக்கு அது பெரிய வேலையன்று, ஆனால் ஆயத்தப் படத்தின் மேல் முகத்தை ஒட்டியவரால் அதைச் செய்யவே முடியாது. முடிந்த மடலை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்வதும் அவசியம். சாதாரணப் படமாக வந்தால் அது சுருக்கப்பட்டு, குறைகள் மங்கலுக்குள் மறைந்துவிடும்.

ஆசிரியைக்கு நாங்கள் இறுதியில் அனுப்பியது வேறு மடல். எங்களுள் ஒருவர் நிறத்தாள்களை மலை மலையாக வெட்டி, இடையிடையே தீப்பெட்டிகளை வைத்து உயர்த்தி, யன்னலோரக் காலை வெயிலில் படம் எடுத்தார். நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தன.

6,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. வைப்புச் சீட்டும் அவர் அனுப்பிய செய்திகளும் என்னிடம் உள்ளன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தின் ஊடாக முறையிட ஆயத்தமாகி வருகிறேன். இதே விதமாகப் பணம் இழந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறையிடுவோம்.