பழம்பொருள் தேடி: பிரிம்ஃபீல்டா, காரைக்குடியா?

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, சிங்கப்பூரில் தரையில் விரித்த துணியைக் கிளறிப் பொருள் தேடும் சுகம் போயே போய்விட்டது. அதனால் வெளியூர் போகத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிம்ஃபீல்டு ஒரு சின்னக் கிராமம். மே, ஜூலை, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை, நெடுஞ்சாலையோர வயல்களில் கூடாரங்கள் முளைக்கும். 1959இல் தொடங்கிய சந்தை இது. ஒவ்வொரு வயலுக்கும் ஓர் உரிமையாளர். திறக்கும் நாளும் நேரமும் வேறு, சிலவற்றில் நுழைவுக் கட்டணமும் உண்டு. நல்ல பொருள் வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும். மழை பெய்தால் சேறுதான், பூட்ஸ் அவசியம். ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கூடாரச் சந்தை இல்லை, பழம்பொருள் கடைகள்தான். ஆனால் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த செட்டியார்கள் கொண்டுவந்த எனாமல் தூக்குச்சட்டியை அங்கே கையில் எடுக்கும்போது, நம் தாத்தா கப்பலேறி வந்த அதே கடல் நினைவுக்கு வருகிறது. பிரிம்ஃபீல்டில் எனக்கு அந்த நெருக்கம் கிடைக்காது. திருச்சிக்கு நேரடி விமானமும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: நூறு வயது கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. வயதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரிய மரச்சாமான் எங்கே வாங்கினாலும் கப்பல் செலவை முதலில் கணக்குப் போடுங்கள். முதல் பயணத்துக்கு நான் காரைக்குடியைத்தான் சொல்வேன்.